வாளியில் பிழிந்த தேங்காய்ப்பால்

நினைவு மலர் என்றால் கண்ணீர் விட்டுக்கொண்டேதான் எழுத வேண்டும் என்கிறாள் என் தங்கை. "அக்கா, நாலே பக்கம். பொறந்தது, வாழ்ந்தது, போனது. அவ்வளவுதான். கண்டதையும் எழுதி மானத்த வாங்காதீங்க" என்று எச்சரிக்கையும் செய்துவிட்டாள். அவள் சொன்னபடி எழுத மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. சின்னம்மாவை நினைத்தாலே எனக்குச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அழுகை அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகிறது. நான் என்ன செய்வேன்!

எங்கள் சின்னம்மாவின் முதலாண்டுத் திதிக்கு மழையையும் சேற்றையும் பாராமல் வந்திருக்கும் உறவினர்களுக்கும், தோட்டத்து மக்களுக்கும், சிகாமட் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். எங்கள் தாயார் இறந்த பிறகு, தாயில்லாப் பிள்ளைகளாகிய எங்கள் இருவரையும் வளர்க்க இரண்டாம் தாரமாக வந்தவர் சின்னம்மா. இது உங்களுக்குத் தெரியும். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த இன்னொரு கதை, ரப்பர்ப் பாயசக் கதை. "தேங்காப்பாலுக்கும் ரப்பர் மரத்துக் கித்தாப்பாலுக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பள" என்று தண்ணீர்க் குழாயடியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதை இந்த மலரில், அச்சில், எல்லார் கண்ணும் பட நான் திருத்தியாக வேண்டும். அதற்காகத்தான் பேனாவைத் தொட்டேன். தங்கை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

சின்னம்மா பிறந்தது துறையூர்ப் பக்கத்தில். எந்த ஊர் என்று கேட்டால், "கெணறு வத்திப்போன ஊருக்குப் பேரு ஒண்ணுதான் கொறச்சல்" என்பார். ஏழு வயதில் தாய் தகப்பனோடு கப்பல் ஏறினார். கப்பலில் வாந்தியெடுத்தது மட்டும்தான் அவருக்கு நினைவு. உலு திராம் பக்கத்தில் காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் வளர்ந்தார். காய்ச்சல் முதலில் தகப்பனாரைக் கொண்டுபோனது, அடுத்து தாயாரை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் கட்டிய கணவரையும் கொண்டுபோனது. பிள்ளையும் இல்லை. ஆறு வருஷம் யாருமில்லாமல் புல் வெட்டும் கூட்டத்தில் வேலை செய்து தன் வயிற்றைத் தானே கழுவினார்.

சும்மா கழுவவில்லை, இனிப்போடு கழுவினார்! தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் குடியிருக்கும் ஒரு கம்பம். அங்கே 'மக்சிக்' என்று கூப்பிடும் ஒரு மலாய் அம்மாவின் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாராம். சவ்வரிசியைக் கட்டி தட்டாமல் வேகவைப்பது, தென்னை வெல்லத்தைப் பாகு கருகாமல் இறக்குவது, கறுத்துப்போன வாழைப்பழத்தைத் தேங்காய்ப்பாலில் போட்டு ராஜ உணவாக்குவது எல்லாம் அங்கே கற்றதுதான். "இனிப்புக்கு உப்புப் போடத் தெரியாதவ கரண்டியத் தொடக் கூடாது" என்பது அவர் வேதம். ஒரு கிள்ளு உப்பு, அதுவும் இறக்கும்போது. இன்றும் என் கை அடுப்பை அணைக்கும்போது தானாக உப்புச் சாடியைத் தேடுகிறது.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. அப்போதுதான் அப்பா சின்னம்மாவை உலு திராம் மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றி அழைத்துவந்தார். சிகாமட் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கியபோது கொட்டுகிற மழை. சின்னம்மாவின் ஒரு கையில் துணிமூட்டை, மறு கையில் தேங்காய்த் துருவி. சீதனம் அவ்வளவுதான்! மூட்டை நனைந்தால் நனையட்டும் என்று துருவியை முந்தானையால் மூடிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு நடந்து வந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தார். உறவில்லை என்றாலும் நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு என் காதில் ஓதினார்: "புருஷன முழுங்கிட்டு வந்தவ. கைராசி எப்பிடி இருக்கப்போவுதோ! இந்தா பாரு புள்ள, சித்திக்காரி குடுக்கற இனிப்ப மட்டும் வாயில வெச்சுராத. மருந்து கலந்து குடுத்து மயக்கிருவா."

பத்து வயதுப் பெண்ணுக்கு இது போதாதா! அன்றே சபதம் எடுத்தேன். சோறு சாப்பிடுவேன், ஏனென்றால் அரிசி அப்பாவின் உழைப்பு. ஆனால் இனிப்பு அந்தச் சீமாட்டியின் கைவேலை, அதைத் தொட மாட்டேன். அவளோடு பேசவும் மாட்டேன். என் புத்தி அப்போதே வக்கீல் புத்தி என்று அப்பா இன்றும் சொல்வார்.

வெள்ளைக்காரர் நாட்டில் வருஷக் கடைசியில் பனி கொட்டுமாம். நம் ஜொகூரில் தண்ணீர் கொட்டும். கார்த்திகை பிறந்தால் பிடிக்கும், தை வரைக்கும் விடாது. உடம்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டக் கிட்ட உட்கார்ந்திருந்தது இந்த ஊரிலா என்று இப்போது கேட்பார்கள். இந்த ஊரிலேதான்! காயாத துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் மீதும் விறகுப் புகை வாடை. தகரக் கூரையில் ஓட்டை இல்லாத இடம் எது என்று தேட வேண்டும். சட்டி, பானை, செம்பு, குண்டான் என்று வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் ஒழுகும் இடங்களில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் அவற்றுக்கு நடுவே ரப்பர்க் கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடுவோம்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. விடிகிற நேரத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனால், வேலை வாங்கும் மண்டோர் வானத்தைப் பார்த்துக் கையை விரிப்பார். "இன்னிக்கு வெட்டு இல்ல, எல்லாம் வீட்டுக்குப் போங்க." வேலையில்லை என்றால் கூலியில்லை. ஆண்கள் முகம் தொங்கத் திரும்பிவருவார்கள். லயத்தில் அன்று முழுக்கச் சண்டை, புலம்பல், பிள்ளைகளுக்கு அடி.

சின்னம்மா வந்த முதல் மழைக்காலத்திலேயே அந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டினார். வெட்டு இல்லை என்று அப்பா திரும்பிவந்த மறுநிமிடம் சின்னம்மா துருவியை எடுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். வேலையில்லாத நாளெல்லாம் எங்கள் வீட்டில் இனிப்பு! பெரிய பலகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நெய் இல்லை, முந்திரி இல்லை. கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கை அவித்து மசித்து, துருவிய தேங்காயும் வெல்லமும் போட்டு இலையில் உருட்டி வைப்பார். இல்லையென்றால் வாழைப்பழம், இல்லையென்றால் சர்க்கரைவள்ளி. ஒன்றுமே இல்லாவிட்டால் பழைய சோற்றையே தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுக் கொதிக்கவைத்து, 'எங்கே, இது பழைய சோறு என்று சொல்லு பார்ப்போம்' என்பதுபோல் முன்னால் வைப்பார். பாய் கடையில் சவ்வரிசி கிடைத்துவிட்டால் அன்று தீபாவளி.

பக்கத்து வீட்டு அத்தைக்குப் பொறுக்கவில்லை. "வேல இல்லாத அன்னிக்குப் பாயசமா? வெளங்கிரும்!" என்றார்.

"வேல இருக்கற அன்னிக்கு வாய்க்கு எங்கங்க நேரம்? இல்லாத அன்னிக்குத்தான் வாய் சும்மா கெடக்கு. சும்மா கெடந்தா பொலம்பும். அதான் இனிப்பப் போட்டு அடைக்கறேன். ஒங்களுக்கும் ஒரு உருண்ட தரட்டா?" என்றார் சின்னம்மா.

அத்தை வாங்கிக்கொண்டார். வாங்கித் தின்றும்விட்டார்! எனக்கு மருந்து என்று சொன்னவர்! அப்பாவின் முகம் நாளாக நாளாகத் தெளிந்தது. தங்கை முதல் நாளே மடியில் ஏறிவிட்டாள். நான் மட்டும் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னம்மா ஒவ்வொரு முறையும் என் பங்கை இலையில் வைத்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் தொடாவிட்டால் பொழுது சாய்ந்ததும் எடுத்துக்கொண்டு போவார். அப்போதும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எனக்கு எச்சில் ஊறும் பாருங்கள், அந்தச் சுவரையே தின்றுவிடலாம்போல இருக்கும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எல்லாரும் சற்று நிமிர்ந்து உட்காருங்கள்.

சீமையில் பெரிய சண்டை ஓய்ந்து ரப்பர் விலை மண்ணைக் கவ்விய காலம் அது. தோட்டங்களில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னக் குற்றம் போதும், துரை பெயரை வெட்டிவிடுவார். பெயர் வெட்டினால் அன்றே லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ரயிலேற வேண்டும், ரயிலிலிருந்து கப்பல். பாலில் தண்ணீர் கலந்தார்கள் என்று அதற்கு முந்தின மாதம்தான் இரண்டு குடும்பங்களை அனுப்பியிருந்தார்கள். எங்களுக்குக் கப்பலேறிப் போனால் அங்கே நிலமும் இல்லை, நிழலும் இல்லை.

அன்று விடியலில் மழை, வெட்டு இல்லை என்றார்கள். அப்பா திரும்பிவந்தார். சின்னம்மா சவ்வரிசியை உலையில் போட்டார். இரண்டு தேங்காயைத் துருவிப் பிழிந்தார். பிழிந்த பாலை ஊற்ற வீட்டில் ஒரு பாத்திரம் காலியில்லை, எல்லாம் ஒழுகலுக்கு அடியில். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் சின்னப் பால்வாளியை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தேங்காய்ப்பாலை அதில் வடிகட்டி, வீட்டு முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் சுவரோரமாக வைத்தார். நானோ அவர் என்ன செய்கிறார் என்று திரும்பியே பார்க்காத ரோஷக்காரி! எனக்கு எப்படித் தெரியும்?

இதற்குள் மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. மண்டோர் ஓடிவந்து, "காத்துல பட்ட காஞ்சிருச்சு, வாங்க வாங்க, பாதி மரமாச்சும் வெட்டுங்க" என்று எல்லாரையும் கூட்டிப்போனார். ஈர விறகில் அடுப்பு அணைந்துபோய், சவ்வரிசிப் பானை அப்படியே காத்திருந்தது. அப்பா பாதி மரம் வெட்டுவதற்குள் திரும்பவும் கறுத்துக்கொண்டுவந்தது. அவசர அவசரமாகப் பாலைச் சேர்த்துக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் லயம் பால் அளக்கும் ஸ்டோருக்குப் போகும் வழியில். ஒரு பெரிய வாளி, ஒரு சின்ன வாளி, இரண்டையும் அஞ்சடியில் இறக்கினார். வெட்டுக் கத்தியைக் காட்டிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் தெரிந்தது. "அந்தச் சின்ன வாளில இருக்கறத பெருசுல ஊத்தி, சாக்கப் போட்டு மூடி வைங்க!" என்று வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்.

உள்ளே சின்னம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். வாசலில் நான் நின்றேன். அப்பாவுக்கு உதவி செய்வதில் அவளை முந்த வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் குறி! கைக்கு எட்டிய சின்ன வாளியைத் தூக்கினேன், பெரிய வாளியில் கவிழ்த்தேன். பாதி என் பாவாடையில் சிந்தியது. சாக்கைப் போட்டு மூடினேன். அப்பா கத்தியோடு வந்தார், பெரிய வாளியைத் தூக்கினார், ஸ்டோருக்குப் போய்விட்டார்.

சின்னம்மா வெளியே கையை நீட்டினார். மிச்சமிருந்த சின்ன வாளி கையில் அகப்பட்டது. ஒரே வாளி, ஒரே வெள்ளை, மூக்கிலோ விறகுப் புகை. கொதிக்கிற சவ்வரிசியில், வெல்லப் பாகில், அத்தனையையும் ஊற்றிவிட்டார்!

ஐயோ, அந்த நாற்றம்! கரண்டியைப் போட்டுக் கிண்டுகிறார், கரண்டி நகரவில்லை. பானைக்குள் சவ்வரிசியும் வெல்லமும் ரப்பரும் ஒன்றாகத் திரண்டு ஒரே கட்டி. தங்கை எட்டிப்பார்த்து, "ஹை, பந்து!" என்று கை தட்டினாள். சின்னம்மா வாசலுக்கு ஓடிவந்தார். காலி வாளியைப் பார்த்தார். விரலால் வழித்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கேட்பார், அடிப்பார், கத்துவார் என்று காத்திருந்தேன். "பாவாட ஈரம், சளி புடிச்சுக்கும், கழட்டு" என்று மட்டும் சொன்னார். வேறு பாவாடை கட்டிவிட்டார். நனைந்ததை அந்த நிமிடமே, கொட்டுகிற மழையிலேயே, கல்லில் போட்டுத் துவைத்துப் பிழிந்தார். இந்த நேரத்தில் துணி துவைக்கிறாளே, பைத்தியமா என்று நினைத்தேன்.

துவைத்து முடிக்கவில்லை, மண்டோர் தலைதெறிக்க ஓடிவந்தார். "அலமாக், எல்லாம் போச்சு! ஒங்க வீட்டுக்காரரு பால்ல கலப்படமாம். கணக்கெழுதற கிராணியாரு பால அளக்கற கண்ணாடிக் கொழல உட்டுப் பாத்தாரு, நிக்க மாட்டேங்குது. தொரைக்கு ஆள் போயிருக்கு. பேர வெட்டப் போறாங்க!"

சின்னம்மா என்ன செய்தார் தெரியுமா? சூட்டோடு அந்தப் பாயசப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கித் தலையில் வைத்தார். தங்கையை இடுப்பில் வைத்தார். என்னைப் பார்த்து, "வா புள்ள" என்றார். சேறு தெறிக்கத் தெறிக்க நடந்தார். பானையிலிருந்து கரண்டி கொடிமரம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. நான் பின்னால் ஓடினேன்.

ஸ்டோரில் அப்பா தலை குனிந்து நின்றார். "மாரியாத்தா மேல சத்தியமா நான் ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலைங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கிராணியார் பெயர்ப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு துரை முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். பானையோடு ஒரு பெண் உள்ளே வந்ததும், "என்னா இது?" என்றார்.

"பாயசம் தொர" என்றார் சின்னம்மா.

"பாயசம்?"

"கரண்டியப் புடிச்சுத் தூக்கிப் பாருங்க தொர."

துரை தூக்கினார். கரண்டியோடு பானையும் சேர்ந்து எழும்பியது! தங்கை மறுபடி, "பந்து!" என்று கத்தினாள். கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"ஒங்க பாலு எங்க பானைல இருக்கு, எங்க தேங்காப்பாலு ஒங்க வாளில இருக்கு. வாளி மாறிப்போச்சு தொர, அவ்வளவுதான்" என்றார் சின்னம்மா. "ஏமாத்தணும்னு நெனைக்கறவனுக்கு ஆத்துல தண்ணி இல்லையா? கூரையில இருந்து சும்மா ஊத்துதே, அது இல்லையா? அத உட்டுட்டு எவனாச்சும் ரெண்டு தேங்காய ஒடச்சு, துருவி, புழிஞ்சு, வடிகட்டிக் கலப்பானா? அம்புட்டு முட்டாளா இருந்தா அவனுக்கு ஏமாத்தவே தெரியாதே தொர!"

கிராணியார் வாளியில் விரலை விட்டார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார். "தேங்காய்தான் ஐயா" என்றார். துரை சிரித்தார் பாருங்கள், அந்தத் தகரக் கொட்டகையே அதிர்ந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யார் ஊத்தினது?"

ஊற்றியவள் நான். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், வாய் திறக்கவில்லை.

"நாந்தான் தொர. இந்தக் கையாலதான் மாத்தி ஊத்துனேன்" என்றார் சின்னம்மா.

பெயர்ப் புத்தகம் மூடப்பட்டது. அப்பாவின் பெயர் தப்பியது. ஆனால் பாலைக் கெடுத்ததற்காக அந்த மழைக்காலம் முழுக்கச் சின்னம்மாவுக்குப் புல்வெட்டு வேலை கிடையாது என்று தண்டனை. அதோடு பெரட்டில் ஒரு புதுச் சட்டமும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் மழை தொடங்கும்போது மண்டோர் உரக்கச் சொல்வார்: "பால்வாளிய யாரும் சமையலுக்கு எடுக்கப்படாது!" உடனே எல்லாத் தலையும் சின்னம்மா பக்கம் திரும்பும், எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ரெண்டு பாலுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டார். "அவசரத்துல கண்ணு மங்கிருச்சுங்க" என்றார் சின்னம்மா. தேங்காய் தீர்ந்துபோனது, சவ்வரிசி பந்தாகிவிட்டது. ஆனாலும் அன்று இனிப்பு நிற்கவில்லை! பக்கத்து வீட்டு அத்தை அரை மூடித் தேங்காயோடு வந்தார். "தொரைய மடக்கிட்டியேடி!" என்று கன்னத்தில் இடித்துவிட்டுப் போனார். சின்னம்மா மரவள்ளிக் கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, என் பங்கை இலையில் வைத்து எப்போதும்போல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். எப்போதும்போல் ஒன்றும் சொல்லாமல் திரும்பினார்.

நான் எடுத்துச் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். சூடு நாக்கைச் சுட்டது, நிறுத்தவில்லை. சின்னம்மா அடுப்படியிலிருந்து, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. எங்கள் இருவரையும் பெற்றவளுக்கு ஒரு படி மேலாக வளர்த்தார். பெண் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று லயமே சொன்னபோது, "அவளுக்குப் பேச வாய் இருக்கு, எழுதக் கை வேணாமா?" என்று என்னைச் சிகாமட்டுக்கு அனுப்பினார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் நிற்பது அவர்தான். தன்னைக் கைராசி இல்லாதவள் என்று சொன்ன வீடுகளில் எத்தனை பிள்ளைப்பேற்றுக்கு வெந்நீர் வைத்தார் என்று அந்தந்த வீட்டாரே சொல்லட்டும்.

என் கல்யாணத்துக்குப் பெரிய அண்டாவில் சவ்வரிசிப் பாயசம் அவரே காய்ச்சினார். பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும், "வாளில புழியலையே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் கரண்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நான் மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்தேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கங்கெட்டவள் நான்.

போன மழைக்காலத்தில் சின்னம்மாவுக்கு மூச்சிரைப்பு கண்டது. கால் வீங்கியது. அப்பாவையும் அவரையும் சிகாமட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம், மழை இரைச்சலில், "சவ்வரிசி காச்சேன்" என்றார். எனக்கு வந்த உற்சாகம்! சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே! அவருடைய அதே துருவியைப் போட்டு உட்கார்ந்து துருவினேன், பிழிந்தேன். தங்கையும் பக்கத்தில் இருந்தாள். பாலை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போகிறேன், கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள, நீ ஊத்தாத. தங்கச்சிய ஊத்தச் சொல்லு."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

"சின்னம்மா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். பாவாடையத் தொவச்சது யாரு? பூரா தேங்காப்பால் வாசம். ஒங்கப்பா மூக்குல பட்டா என்ன ஆவறது?"

"பின்ன ஏன் சொல்லல? இத்தன வருஷம் ஊரே ஒங்களக் கேலி பண்ணுச்சே!"

"சொல்லிருந்தா, சாயங்காலம் அந்தக் கெழங்கத் தின்னுருப்பியா நீ?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம். அவரும் வந்து ஒக்காந்து அழுவாரு, பாயசம் ஆறிப்போயிரும். நான் போனப்புறம் சொல்லிக்க" என்றார். பிறகு நாலு கரண்டி சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்கு" என்றார். அடுத்த வாரம் ஒரு காலை வேளையில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார்.

அப்பா, உங்களுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. தங்கைதான் இதைப் படித்துக்காட்டிக்கொண்டிருப்பாள். இந்த இடத்தில் அவள் குரல் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். என்னை மன்னியுங்கள். சின்னம்மாவுக்கு இரண்டு பாலுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வெள்ளத்தில் தன் சம்பான் படகைக் கொண்டுவந்து சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த கம்பத்துப் பெரியவருக்கும், வீடு தேடி வந்து மருந்து கொடுத்த டிரசர் ஐயாவுக்கும், கடைக்குள் தண்ணீர் புகுந்த நேரத்திலும் அரிசியும் சவ்வரிசியும் அனுப்பிவைத்த கடைக்கார பாய்க்கும், இறுதிக் கிரியைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் பாடை சுமந்த தோட்டத்துச் சகோதரர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்றைக்கும் மழையாகத்தான் இருக்கும். தோட்டத்தில் வெட்டு இருக்காது, நல்லதுதான், எல்லாரும் வந்திருப்பீர்கள். படையல் முடிந்ததும் பந்தியில் சவ்வரிசிப் பாயசம் வரும். பயப்படாமல் சாப்பிடுங்கள், ஒருவரும் சாப்பிடாமல் போகக் கூடாது. பால் நான்தான் ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கும் நான்தான் ஊற்றினேன்.